விசார்டா, சார்சரரா, வார்லாக்கா? 'டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் எந்த மந்திரவாதியை எடுக்கலாம்?

காரைக்கால் கோட்டுச்சேரிமேட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நான்கு நண்பர்கள் மொட்டை மாடியில் பகடையோடு உட்காருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்து வந்த ஆசை. ஒருவர் கதை சொல்லும் 'டன்ஜியன் மாஸ்டர்'. மற்ற மூவரும் விசார்ட், சார்சரர், வார்லாக் என்று ஆளுக்கொரு மந்திரவாதியை எடுத்துக்கொள்கிறார்கள். சவுக்குத் தோப்பில் முதல் சண்டை. இரண்டே சுற்றில் மந்திரம் காலி. ஒருவர் சுருண்டு விழுகிறார். அவரை எழுப்பிவிடும் மந்திரம் யாரிடமும் இல்லை!

மூவருமே மந்திரவாதிகள்தானே, அப்புறம் எங்கே தப்பு? விரிவாகப் பார்க்கலாம்.

அது என்ன ஆட்டம்?

அமெரிக்காவின் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கி 1974-ல் வெளியான ஆட்டம் இது. கதையை எல்லோரும் சேர்ந்து பேசியே நகர்த்துவார்கள். செய்வது பலிக்குமா என்பதை 20 முகப் பகடை சொல்லும்.

முதல் பதிப்பில் வீரர், மந்திரவாதி, கிளெரிக் என்று மூன்றே வகைகள். இன்று அடிப்படை விதிப்புத்தகத்தில் 12 வகைகள். அதில் 8 வகைகளுக்கு மந்திரம் தெரியும்.

மந்திரம் எப்படி தீர்ந்துபோகும்?

செல்போன் ரீசார்ஜ் மாதிரிதான். ஒவ்வொருவருக்கும் 'ஸ்லாட்' என்ற இருப்பு உண்டு. ஒரு மந்திரம் போட்டால் ஒரு ஸ்லாட் காலி. முதல் லெவலில் விசார்டுக்கு இருப்பது வெறும் 2. எட்டு மணி நேரம் ஓய்வெடுத்தால்தான் முழுசா நிரம்பும். 'கேன்ட்ரிப்' என்ற சின்ன மந்திரங்களுக்கு மட்டும் கணக்கில்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம்.

மூன்று பேருக்கும் என்ன வித்தியாசம்?

ஒரே வரியில் சொன்னால்: விசார்டுக்குப் படிப்பு, சார்சரருக்குப் பிறப்பு, வார்லாக்குக்கு ஒப்பந்தம்.

விசார்ட்: புத்தகப் புழு. பலம் அறிவுக்கூர்மை. 6 மந்திரங்கள் எழுதிய நோட்டோடு தொடங்குவார், லெவல் ஏற ஏற 2 சேரும். வழியில் கிடைக்கும் சுவடிகளையும் காசு, நேரம் செலவழித்து நகல் எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்குத் தேவையானதைக் காலையிலேயே தேர்ந்தெடுத்துத் தயாராக வேண்டும். மழை வரும் என்று குடை எடுத்துப் போய், வெயில் அடித்தால் கஷ்டம்தான். உடம்பும் ரொம்ப வீக்.

சார்சரர்: ரத்தத்திலேயே மந்திரம் ஊறியவர். பலம் வசீகரம். நோட்டும் வேண்டாம், படிப்பும் வேண்டாம். ஆனால் தொடக்கத்தில் தெரிந்தது 2 மந்திரங்கள் மட்டுமே (கேன்ட்ரிப் தனி). இவருடைய தனித்திறமை 'மெட்டாமேஜிக்'. தெரிந்த மந்திரத்தையே வளைத்துப் போடுவார். வாய் திறக்காமல், கை அசைக்காமல் போடலாம். வழக்கத்தைவிட வேகமாகவும் போடலாம். 2014 விதிகளில் இது 3-ம் லெவலில் கிடைக்கும், 2024 விதிகளில் 2-ம் லெவலிலேயே.

வார்லாக்: ஏதோ ஒரு பெரிய சக்தியோடு ஒப்பந்தம் போட்டவர். இவருக்கும் பலம் வசீகரமே. கையில் வந்தது சக்தி, வட்டியைக் கதைக்குள்ளே கட்ட வேண்டியிருக்கும். 5-ம் லெவலில் விசார்டிடம் 9 ஸ்லாட்கள், வார்லாக்கிடம் 2 மட்டுமே. அடடா, ஏமாத்திட்டாங்களா? இல்லை. அந்த இரண்டும் பெரிய ஸ்லாட்கள். அதோடு ஒரு மணி நேரம் ஓய்வெடுத்தாலே நிரம்பிவிடும். நடுவில் இரண்டு முறை ஓய்வு கிடைத்தால், ஒரே நாளில் 6 பெரிய மந்திரங்கள். ஆனால் டன்ஜியன் மாஸ்டர் ஓய்வே தராதவராக இருந்தால், வார்லாக் பாடு திண்டாட்டம்தான்.

விழுந்தவரை யார் எழுப்புவார்?

ஆட்டத்தில் உயிர்ப்புள்ளி பூஜ்ஜியமானால் உடனே சாவு இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் பகடை உருட்ட வேண்டும். மூன்று முறை தோற்றால் கதை முடிந்தது. அதற்குள் குணப்படுத்தும் மந்திரம் வர வேண்டும். மொட்டை மாடி நண்பர்கள் கோட்டைவிட்டது இங்கேதான். அந்த மந்திரம் முதல் லெவலிலேயே இவர்களிடம் உண்டு:

* கிளெரிக்: கடவுள் அருளால் மந்திரம். கவசமும் கேடயமும் போடலாம். தன் லெவலுக்கு உரிய மொத்தப் பட்டியலிலிருந்து தினமும் மாற்றி மாற்றித் தேர்ந்தெடுக்கலாம். இன்று எடுத்தது தப்பென்றால் நாளை சரி செய்துகொள்ளலாம்.
* ட்ரூயிட்: இயற்கையின் ஆள். 2-ம் லெவலிலிருந்து விலங்காக உருமாறுவார். அந்தந்த விலங்கின் விதிகளும் தெரிந்திருக்க வேண்டும், புதியவர்களுக்குச் சுமை.
* பார்ட்: சங்ககாலப் பாணரை நினைத்துக்கொள்ளலாம், இவரிடம் மந்திரமும் உண்டு. தோழருக்கு ஊக்கம் தந்தால், அவர் உருட்டும் எண்ணோடு இன்னொரு பகடையின் எண்ணும் சேரும்.

பாலடின், ரேஞ்சர் இருவரும் பாதி வீரர், பாதி மந்திரவாதி. இவர்களாலும் குணப்படுத்த முடியும். ஆனால் மந்திரம் 5-ம் படியோடு நின்றுவிடும். மற்றவர்களுக்கு 9-ம் படி வரை போகும்.

நம்ம ஊர் ராட்சசன் வந்தால்?

இந்த ஆட்டத்தில் ராட்சசனும் உண்டு! புலித்தலை, பின்புறம் திரும்பிய உள்ளங்கை. 2014 விதிப்படி, அவன் சம்மதிக்காமல் 6-ம் படி வரையிலான எந்த மந்திரமும் அவன்மேல் பலிக்காது. அதைவிடப் பெரியதைப் போட விசார்டே 13-ம் லெவல் வரை காத்திருக்க வேண்டும். அதுவரை? பார்ட் தரும் ஊக்கமும், பாலடின் கையிலுள்ள வாளும்தான். மந்திரத்தை எதிரிமேல் போடாமல் தோழர்மேல் போடத் தெரிந்த கட்சியே அங்கே பிழைக்கும்.

2022-ல் வந்த 'ஜர்னிஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல்' புத்தகத்தில், இந்திய எழுத்தாளர் மிமி மண்டல் வங்காளச் சாயலில் ஒரு கதையே எழுதியிருக்கிறார். நம் ஊரை வைத்தும் கதை கட்டலாம் என்பதற்கு அது நல்ல முன்னுதாரணம்.

சரி, எதை எடுக்கலாம்?

* முதல் முறை ஆடுபவரா? கிளெரிக். சுலபத்தில் சாக மாட்டார், எல்லோருக்கும் உதவுவார்.
* விதிகள் குறைவாக, பேச்சு அதிகமாக வேண்டுமா? வார்லாக் அல்லது பார்ட்.
* திட்டம் போடுவது பிடிக்குமா? விசார்ட்.
* ஒரே வித்தையை ஸ்டைலாகச் செய்ய ஆசையா? சார்சரர்.

முக்கியமான விஷயம், தனியாக முடிவெடுக்காதீர்கள். மூன்று பேர் ஆடினால் ஒருவராவது குணப்படுத்தத் தெரிந்தவர், ஒருவராவது முன்னால் நின்று அடி தாங்குபவர் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

புத்தகம் வாங்கக் காசு இல்லையே என்றும் யோசிக்க வேண்டாம். அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியிடப்பட்டன. ஒரு செட் பகடை, பென்சில், பேப்பர், மூன்று மணி நேரம் போதும். அவ்ளோதான்!