கண்டிப் போரும் பலகைப் படையும்

போரைப் பலகையின்மேல் ஆடிப் பார்க்கும் வழக்கம் நம்மவர்க்குப் புதியதன்று. யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நாற்படையையும் சிறு காய்களாக்கி நிறுத்திய சதுரங்கம் இந்தியாவிற் பிறந்து, பாரசீகஞ் சென்று, அராபியர் வழியாக மேனாடு புகுந்தது. அதனையே அடியாகக் கொண்டு ஜெர்மன் நாட்டு ஹெல்விக் என்பார் 1780இல் படைப்பயிற்சிக்குரிய ஓர் ஆட்டத்தை வகுத்தார். பிரசியப் படை அதிகாரியாகிய இளைய ரைஸ்விட்ஸ், அளவெடுத்த நிலப்படத்தின்மேற் காய்களை நகர்த்திப் பகடையாற் சேதத்தைக் கணிக்கும் விதிகளை 1824இல் வெளியிட்டார். இவ்வகை ஆட்டத்தை வீட்டுக் கூடத்தின் தரைக்குக் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். பொம்மை வீரரைக் கொண்டு போராடும் முறையை அவர் 1913இல் நூலாக எழுதினார்.

இன்று இக்கலையிற் பல பிரிவுகள் உள. அவற்றுள் நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது சிறுமோதல் ஆட்டம். பேரணிகளைக் காட்டும் ஆட்டத்தில் ஒரு பொம்மை முப்பது நாற்பது வீரரைக் குறிக்கும். சிறுமோதலிலோ ஒரு பொம்மை ஒரே மனிதன். பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் உயரமுள்ள உருவங்கள் பக்கத்துக்கு முப்பது இருந்தாற் போதும். இதனாற் செலவு குறையும்; ஆனால் வரலாற்றுப் பொறுப்பு மிகும். திரளில் மறைந்துபோகும் பிழை தனி மனிதனில் மறையாது. அவன் யார், எதனை உடுத்தான், எதைத் தூக்கினான், யார் சொற்படி நடந்தான் என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே தூரிகையை எடுத்தல் வேண்டும்.

நெப்போலியனின் படையை அமைப்போர் உலகெங்கும் பலர். மலைநாட்டு மாணாக்கன் ஒருவன் தன் மண்ணுக்குரிய படையை அமைக்க விரும்பின், 1803, 1804ஆம் ஆண்டுகளிற் கண்டி அரசுக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போரினும் சிறந்த பொருள் கிடைத்தல் அரிது. 1803 பெப்ரவரியில் கொழும்பிலிருந்து மக்டோவலும் திருகோணமலையிலிருந்து பார்பட்டும் படை நடத்திக் கண்டியை அடைந்தனர். நகரம் வெறுமையாய்க் கிடந்தது. நாயக்கர் மரபினனாகிய ஸ்ரீ விக்கிரமராசசிங்கன் பின்வாங்கியிருந்தான். ஆங்கிலேயர் முத்துசாமியை அரியணையில் அமர்த்தி, ஒரு காவற்படையை விட்டுச் சென்றனர். காய்ச்சலும் பசியும் அப்படையை அரித்தன. ஜூன் மாதத்தில் மேஜர் டேவி சரணடைந்தார். மகாவலிக் கரையில் அவர் படை அழிந்தது. முத்துசாமியும் கொல்லப்பட்டான்.

மறு ஆண்டு நிகழ்ந்ததே நம் ஆட்டத்திற்கு ஏற்றது. பல திசைகளிலிருந்து படைகள் ஒருங்கே கண்டியை அடைதல் வேண்டுமென்பது திட்டம். திட்டம் மாறிய செய்தி தெளிவாய் எட்டாமையால், கப்டன் ஜோன்ஸ்டன் ஏறத்தாழ 300 வீரருடன் மட்டக்களப்பிலிருந்து செப்டெம்பர் 20இற் புறப்பட்டு, அக்டோபர் 6இற் கண்டியைத் தனியே அடைந்தார். வேறெந்தப் படையும் அங்கு வரவில்லை. வழியெல்லாம் தாக்குண்டு, அம்மாதத்திலேயே திருகோணமலை மீண்டார். 1810இல் அவர் வெளியிட்ட நூல் இலங்கைக் காட்டுப் போரை அறிய விழைவார்க்கு இன்றும் கைவிளக்காகும்.

இருபக்கத்து உருவங்களையும் நோக்குவோம். ஆங்கிலப் பக்கம் என்றதும் செங்கோட்டு வெள்ளையரையே பலரும் எண்ணுவர். அக்காலத்தில் இலங்கையிலிருந்த 19ஆம் காலாட் பிரிவினரின் சிவப்புச் சட்டைக்குக் கழுத்துப்பட்டியும் கைமடிப்பும் பச்சை. எனினும் ஜோன்ஸ்டனின் அணியிற் பெரும்பாலோர் ஐரோப்பியர் அல்லர், சிப்பாய்களும் மலாயருமே. கண்டியின் பக்கத்தில் சீருடை இல்லை. இடுப்புத் துணியும், நீண்ட குழலுடைய துவக்கும், வில்லும் ஈட்டியும் உண்டு. அத்துவக்கின் பொறி இடப்பக்கத்தில் அமைந்திருக்கும். ஐரோப்பியப் பொம்மையின் துவக்கை அப்படியே ஒட்டிவிடுவோர் இதனை மறத்தலாகாது. மரக்காலில் நிறுத்திச் சுடும் சிறு பீரங்கியும் அவர்களிடம் இருந்தது. சிங்களத்தில் அதனைக் கொடித்துவக்கு என்ப. நம் வழக்கிலுள்ள துவக்கு என்னும் சொல்லே அதனுள்ளும் இருப்பது காண்க. வீரர் தாளிப்பனை ஓலையைக் கூடாரமாகக் கொண்டனர் என்று நொக்ஸ் 1681இலேயே எழுதியுள்ளார். மலாயர் கண்டி மன்னனிடத்தும் பணிபுரிந்தனர். எனவே இரு பக்கத்தும் ஒரே முகங்கள் நிற்கும். ஆங்கிலப் படையின் மலாய்த் தலைவர் நூருதீன், சிறைப்பட்ட பின்னர் மன்னன் பணியிற் சேர மறுத்து உயிர் துறந்தார்.

இதுகாறும் கூறியவை நூல்களிலிருந்து எவரும் திரட்டத்தக்கவை. நாம் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. பொம்மைப் படை அமைப்போர் பெரும்பாலும் போர்வீரரை மட்டுமே எண்ணுகின்றனர். மலைநாட்டுப் போரிலோ முதலில் எண்ண வேண்டியவர் சுமையாட்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளுக்கு நாளொன்றுக்கு 2 இராத்தல் அரிசி வேண்டும் எனவும், ஒரு சுமையாள் 50 இராத்தல் தூக்குவான் எனவும் கொள்க. வீரர் 300 பேர்க்கு நாளைக்கு 600 இராத்தல். முப்பது நாளைக்கு 18,000 இராத்தல். அதற்கே 360 சுமையாட்கள் வேண்டும். வெடிமருந்து, நோயாளரைத் தூக்கும் டோலி, அதிகாரியின் பெட்டி ஆகியவை இக்கணக்கிற் சேரவில்லை. சுமையாளும் உண்பானல்லவா? அவன் முப்பது நாளில் 60 இராத்தல் உண்பான். தன் சுமை முழுவதையும் தானே உண்டாலும் அவன் பசி தீராது! ஆகவே இடைவழியில் நெல் கிடைத்தாலன்றி எந்தப் படையும் ஒரு மாதம் நடமாட இயலாது. ஊரை வெறுமையாக்கி விலகிய கண்டியரின் செயலைக் கோழைத்தனம் என்று எழுதியோர் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை போலும்.

ஒற்றையடிப் பாதையில் இத்தனை பேர் ஒருவர்பின் ஒருவராகச் செல்லும்போது அணி மைல் கணக்கில் நீளும். கண்டியர் பாதையின் குறுக்கே மரங்களை வெட்டிச் சாய்த்துப் புதரினின்று சுடுவர். சுமையாட்கள் சுமையைப் போட்டுவிட்டு ஓடுவர். அவர்கள் பெரும்பாலும் கரையோர ஊர்களில் வலிந்து திரட்டப்பட்டோர், அப்போர் அவர்களுடையதன்று, ஓடியதற்கு அவர்களைக் குறைகூறல் நியாயமாகாது. ஆட்டவிதியிலும் இதற்கு இடமளித்தல் வேண்டும். வெற்றியைச் செத்த வீரரின் தொகையால் அளவாமல், பலகையின் மறுகரையை அடைந்த சுமைகளின் தொகையால் அளப்பதே தகும்.

பலகையின் நிலத்தைப் பற்றியும் ஒரு சொல். அப்போரின் பாதைகள் மஸ்கெலியா வழியே செல்லவில்லை. ஆயினும் செங்குத்தான சரிவு, திடீரென இறங்கும் ஓடை, நண்பகலிலும் மூடும் பனிமூட்டம் ஆகியவற்றை அறிய அவ்வூரார்க்கு நூல் வேண்டா. ஒரு தடையுண்டு: இன்று நம் கண்ணுக்குத் தெரியும் மலை அன்றைய மலையன்று. 1804இல் இங்கே தேயிலையுமில்லை, காப்பியுமில்லை. வரிசை வரிசையாய்ப் பச்சை பூசிய பலகை பிற்காலத்தது. சிவனொளிபாதமலையின் மேற்சரிவில் எஞ்சிய அடர்காட்டைப் பார்த்தே நிறந் தீட்டல் வேண்டும். பழைய மஸ்கெலியா நகரே மவுசாக்கலை நீர்த்தேக்கத்துள் மறைந்துவிட்டது. நிலம் ஒரு தலைமுறையிலேயே எவ்வளவு மாறும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இனிப் படையின் அளவு. முழு அணியையும் பலகையிற் காட்டல் இயலாது. நடுப்பகுதியில் ஒரு துண்டை வெட்டியெடுத்துக்கொள்க. வெள்ளையர் எண்மர், சிப்பாய்கள் பன்னிருவர், மலாயர் அறுவர், டோலி ஒன்று, சுமையாட்கள் முப்பதின்மருக்குக் குறையாமல். எதிர்ப்பக்கத்தில் முப்பது கண்டியரும் ஒரு கொடித்துவக்கும் போதும். கடைப் பெட்டிகளில் வீரர் கிடைப்பர். சுமையாள் கிடைப்பது அரிது. அவனைக் களிமண்ணிலோ மெழுகிலோ நாமே செய்தல் வேண்டும். கொழுந்துக் கூடையுடன் மலையேறுவோரைக் கண்டு வளர்ந்தவனுக்கு அவ்வுடலின் நிலையைக் கற்பிக்க வேண்டியதில்லை: முன்சாய்ந்த மார்பு, மடங்கிய முழங்கால், நிலத்தை நோக்கிய பார்வை. சுமை மட்டும் தலையிலோ தோளிலோ இருக்கட்டும். அது கழன்று விழத்தக்கதாகத் தனியே செய்யப்படட்டும்.