நற்பெயரே பிணையாக: மூத்த கணினி விளையாட்டுப் படைப்பாளரும் திரள்நிதியும்

கிரவுட் ஃபண்டிங் என்று பரவலாக வழங்கும் திரள்நிதி, ஒரு படைப்பு உருவாகுமுன்பே அதனை விரும்பும் பலர் இணையம்வழிச் சிறுதொகைகளை முன்கூட்டித் தந்து ஆக்கச் செலவை ஏற்கும் முறையாகும். பதிப்பாளரையும் முதலீட்டாளரையும் விலக்கிப் படைப்பாளரைச் சுவைஞரோடு நேரே இணைப்பதால், இது எவருக்கும் திறந்த வாயில் எனக் கருதப்படுகிறது. கணினி விளையாட்டுத் துறையில் இம்முறையால் பெரும்பயன் எய்தியோர் யாவர் என நோக்கின், இக்கருத்து பாதியளவே உண்மை என்பது புலப்படும். திரள்நிதி என்பது முன்னரே ஈட்டிய நற்பெயரைப் பிணையாக வைத்துப் பெறும் கடன் போன்றது. ஆதலின் அது மூத்தோர்க்கு எளிதாகவும் புதியோர்க்கு அரிதாகவும் வாய்க்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இதற்குத் தலையாய சான்று டபுள் ஃபைன் நிறுவனத்தின் டிம் ஷேஃபர். லூக்காஸ் ஆர்ட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றி, 1998இல் ‘கிரிம் ஃபண்டாங்கோ’ என்னும் விளையாட்டை உருவாக்கிய அவர், உரையாடலும் புதிரும் கொண்டு கதை நகர்த்தும் சாகச விளையாட்டு வகைக்குப் பதிப்பு நிறுவனங்கள் முதலிட முன்வராத நிலையில், 2012 பிப்ரவரியில் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 4 லட்சம் டாலர் கோரினார். குறித்த இலக்கு எட்டப்படாவிட்டால் எவரிடமும் பணம் பெறப்படாது என்பது அத்தளத்தின் விதி. ஒரு நாளுக்குள் 10 லட்சம் டாலரைக் கடந்த அம்முயற்சி, 87,000க்கும் மேற்பட்டோரிடமிருந்து 33 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. கதையோ காட்சியோ முழுமையாக வகுக்கப்படாத நிலையில் பணம் தந்தோர், வரவிருந்த விளையாட்டை நம்பினர் என்பதைவிட, இளமையில் தாம் ஆடி மகிழ்ந்தவற்றின் ஆசிரியரை நம்பினர் என்பதே பொருந்தும்.

எனினும், நற்பெயர் பணத்தை ஈட்டித் தருமேயன்றிப் பணியை முடித்துத் தராது. திரண்ட தொகையும் போதாமற்போகவே, ‘புரோக்கன் ஏஜ்’ எனப் பெயர்பெற்ற அவ்விளையாட்டின் முதற்பாதி 2014 ஜனவரியிலும் மறுபாதி 2015 ஏப்ரலிலும் வெளிவந்தன. ஜப்பானின் மூத்த விளையாட்டுப் படைப்பாளர் கெய்ஜி இனாஃபூனே 2013இல் கிக்ஸ்டார்ட்டர் வழியே 38 லட்சம் டாலர் திரட்டிய ‘மைட்டி நம்பர் 9’ பலமுறை தள்ளிப்போய், 2016இல் வெளிவந்து ஆதரவாளரை ஏமாற்றியது. இலாபத்தில் பங்கு பெறாத ஆதரவாளர், முதலீட்டாளருக்குரிய இடரை மட்டும் தாங்குகின்றனர்.

நற்பெயரைப் பிணையாக்கும் இம்முறை தமிழ்ப் பதிப்புலகுக்குப் புதியதன்று. நூல் அச்சேறுமுன்பே அதனை விலைகொடுத்துப் பெற ஆர்வலர் கையொப்பமிட்டு உறுதியளிக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேரூன்றியிருந்தது. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது கையொப்பக்காரர் பலரின் துணையை நாடினார். அவருடைய முதற் பெரும்பதிப்பு அதுவாயினும், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர் என்பதும் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் என்பதும் அவருக்குப் பிணையாயின. அதனால் விளைந்த மதிப்பே 1889இல் பத்துப்பாட்டுக்கும் 1892இல் சிலப்பதிகாரத்துக்கும் முதலாயிற்று. மாறாக, அபிதான சிந்தாமணி என்னும் கலைக்களஞ்சியத்தைத் தொகுத்த ஆ. சிங்காரவேலு முதலியார் பலரிடம் ஆதரவு தேடியும் கிட்டாமல் தளர்ந்தார். பாண்டித்துரைத் தேவரின் துணையால் மதுரைத் தமிழ்ச் சங்கம் முன்வந்த பின்னரே அது 1910இல் வெளிவந்தது. தனிமனிதரின் பெயர் போதாதவிடத்து ஒரு நிறுவனம் தன் பெயரை ஈடுவைத்தது என்பது இங்கு நுணுகி நோக்கத்தக்கது.

பழங்கால இந்தியப் பின்னணியில் ‘ராஜி’ என்னும் விளையாட்டை உருவாக்கிய புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனம் 2017இல் கிக்ஸ்டார்ட்டரை நாடித் தோற்றதும் இவ்வாறே விளக்கத்தக்கது. உலகச் சுவைஞரிடம் அறிமுகமில்லாத அக்குழுவுக்குப் பின்னர் எபிக் கேம்ஸ் வழங்கிய மானியம் கைகொடுக்க, 2020இல் வெளிவந்த அவ்விளையாட்டு பாராட்டும் பெற்றது. திரளின் மறுப்பு தகுதியின்மைக்குச் சான்றாகாது என்பதை இது நிறுவுகிறது. இந்தியாவில் பங்குகளை விற்றுப் பலரிடம் நிதி திரட்டுவதும் எளிதன்று. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின்கீழ், பொதுமக்களுக்கன்றித் தேர்ந்தெடுத்த சிலருக்கே பங்கு விற்கும் தனியார் ஒதுக்கீட்டுக்கு ஒரு நிதியாண்டில் 200 பேர் என்னும் வரம்பு உண்டு.

இதன் விளைவு பொருளியலோடு நில்லாது பண்பாட்டையும் தொடுகிறது. மூத்தோரின் நற்பெயரை மட்டுமே நம்பும் நிதிமுறை, முன்னரே ஆடப்பட்ட கதைகளையே மீண்டும் பிறப்பிக்கும். கல்வராயன் மலையில் கரியாலூர் முதலிய ஊர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாகச் சொல்லும் வாய்மொழி மரபு ஒரு சிறந்த விளையாட்டின் கருவாகத் தக்கது. ஆயினும் அதை ஆடி வளர்ந்த தலைமுறை எங்கும் இன்மையால், நினைவை நம்பும் திரள் அதற்குப் பணம் தராது. அதற்காகத் திரள்நிதியைக் கைவிடுதல் தீர்வாகாது. பல்கலைக்கழகமோ தமிழ் அமைப்போ அரசோ புதியவரின் மாதிரி ஆக்கத்தை ஆராய்ந்து சான்றளித்து, திரண்ட தொகையைப் பணியின் படிநிலைக்கேற்பத் தவணைகளாக விடுவித்து, கணக்கையும் ஆதரவாளர் முன் வைக்கும் பொறுப்பை ஏற்கவேண்டும். ஒரு நூற்றாண்டுக்கு முன் மதுரைத் தமிழ்ச் சங்கம் ஒரு கலைக்களஞ்சியத்துக்கு ஆற்றிய இத்தகைய கடமையைக் கணினி விளையாட்டுக்கு ஆற்றவும் நம் நிறுவனங்கள் முன்வருதல் வேண்டும்.