டிஃபரன்ஷியல்

லத்தீனில் ‘டிஸ்’ என்றால் விலகி, ‘ஃபெரே’ என்றால் சுமந்து செல்வது. சேர்த்தால், தனித்தனியே கொண்டுபோவது. லாரியின் பின் அச்சு நடுவே பானைபோல் புடைத்திருக்கும் பாகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. வளைவில் வெளிச் சக்கரத்துக்குத் தூரம் அதிகம், உள் சக்கரத்துக்குக் குறைவு. இந்தப் பாகம் இரண்டையும் அதனதன் வேகத்தில் ஓடவிடுகிறது. கணக்கில் வகையீடு என்று படிப்பதும் இதே சொல்லைத்தான்.

சேற்றில் ஒரு சக்கரம் வழுக்கினால் அது மட்டும் வீணாய்ச் சுழலும், மற்றது நின்றுவிடும். லாக்கிங் வகை அப்போது இரண்டையும் ஒன்றாகப் பூட்டுகிறது. பிரிப்பது என்ற பெயரின் பொருளைச் சற்று நேரம் நிறுத்திவைக்கிறது.

இதற்குள் ஊற்றும் எண்ணெய் என்று வந்தால், நம் ‘மசகு’ என்ற சொல்லும் சேர்கிறது. மாட்டுவண்டி அச்சுக்குப் பூசும் கரிய மைக்கு அதுதான் பெயர். இலங்கையிலோ மசகு எண்ணெய் என்றால் கச்சா எண்ணெய். மசகு என்றாலே வழுவழுப்புதான் நினைவுக்கு வரும். பூட்டும் டிஃபரன்ஷியல்கள் சிலவற்றுக்கு அது மட்டும் போதாது. உள்ளிருக்கும் உராய்வுத் தட்டுகள் பிடிக்கவும் வேண்டும். ஆனால் விட்டுவிட்டுப் பிடிக்காமல் சீராகப் பிடிக்க வேண்டும் என்பதால், சில வகைகளுக்கு உராய்வைத் தணிக்கும் சேர்மானம் கட்டாயம். இல்லாவிட்டால் திருப்பத்தில் தடதடக்கும். அமெரிக்க பிக்அப்களில் வரும் ஈட்டன் லாக்கருக்கோ அது ஆகாது, பூட்டு விழாமல் போகலாம். கையேட்டைப் பார்க்காமல் ஊற்றுவது பெரிய தவறு.

இன்னொன்று: எண்ணெய் மாற்றும்போது முதலில் நிரப்பும் திருகைக் கழற்றுங்கள். அது துருப்பிடித்து இறுகியிருந்தால், பழைய எண்ணெயை வடித்த பிறகு புதியதை ஊற்ற வழியிருக்காது.