பாலக்காடு, இடுக்கி எல்லைப்புற உணவில் போர்த்துகீசியச் சமையலின் தடங்கள்

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் கிழக்கே தமிழ்நாட்டைத் தொட்டு நிற்பவை. வாளையாறு, கோவிந்தாபுரம், சின்னாறு, போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி ஆகிய சோதனைச்சாவடிகளை ஒட்டிய இப்பகுதியில் போர்த்துகீசியர் கோட்டை கட்டியதில்லை, குடியேறியதுமில்லை. ஆயினும் இங்கே அன்றாடம் அடுப்பேறும் மரவள்ளி, மிளகாய் ஆகியவையும் தோட்டத்து அன்னாசி, முந்திரி ஆகியவையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து அவர்களது கப்பல்களில் வந்து சேர்ந்தவை. போர்த்துகலின் சொந்தச் சமையல் மலையேறியது மிகக் கொஞ்சம். அவர்கள் ஏற்றிவந்த அயல்நாட்டுப் பயிர்கள்தாம் ஏறின.

வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டுக் கரையில் இறங்கினார். 1500இல் புறப்பட்ட போர்த்துகீசியத் தளபதி கப்ராலின் கப்பல்கள் முதலில் பிரேசில் கரையைத் தொட்டு, பிறகு கோழிக்கோட்டுக்கும் கொச்சிக்கும் வந்தன. பிரேசிலின் கொல்லையும் மலையாளக் கரையும் ஒரே கடற்பாதையில் இணைந்தது அப்போதுதான். 1503இல் கொச்சியில் கோட்டை எழுந்தது. 1663இல் அதை டச்சுக்காரர் பிடித்தனர். இந்த 160 ஆண்டுகளும் போர்த்துகீசியர் தேடியது மிளகு. இன்றைய இடுக்கி மாவட்டத்துத் தொடுபுழை உள்ளிட்ட மலையடிவாரங்களில் விளைந்த மிளகைக் கொச்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் உள்நாட்டு வணிகர்கள். வாங்குபவர் மலைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. விதிவிலக்காகச் சில பயணங்கள் உண்டு. 1603இல் ஃபெனிசியோ என்ற இத்தாலிய இயேசு சபைப் பாதிரியார், இன்று பாலக்காடு மாவட்டத்திலுள்ள மன்னார்க்காடு வழியாக நீலகிரித் தோதவர்களைத் தேடிச் சென்றார். அது மதப் பயணம். சமையலோடு அதற்கு உறவில்லை.

போர்த்துகலின் வீட்டுச் சமையல் ஆலிவ் எண்ணெய், பூண்டு, திராட்சை மதுக் காடி, பன்றி இறைச்சி, கடல்மீன் ஆகியவற்றில் நிற்பது. அங்கே மிகவும் கொண்டாடப்படுவது பக்கல்யாவ் எனும் உப்பிட்டு உலர்த்திய காட் மீன். போர்த்துகலின் கடலில் கிடைக்காத இந்த மீன் வட அட்லாண்டிக்கிலிருந்து வருவது. கருவாட்டுக்காக இவ்வளவு தூரம் கப்பல் விட்ட நாடுகள் அதிகமில்லை. உருளைக்கிழங்கும் கீரையும் சேர்ந்த கால்து வெர்து சூப், முட்டைக்கரு நிரப்பிச் சுட்ட பாஸ்டல் டி நாட்டா, கரியில் வாட்டிய மத்தி ஆகியவையும் பெயர்பெற்றவை. தென்பகுதியான அலென்டேஜோவில் பழைய ரொட்டியைப் பூண்டும் கொத்தமல்லித்தழையும் நசுக்கிப் போட்ட வெந்நீரில் ஊறவைத்து உண்பார்கள். ஐரோப்பாவில் கொத்தமல்லித்தழையை இவ்வளவு தாராளமாகக் கிள்ளிப்போடும் சமையல் வேறு காண்பது அரிது.

கப்பை

கொங்கு நாட்டில் குச்சிக்கிழங்கு என்றும் எல்லைக்கு அப்பால் கப்பை என்றும் வழங்கும் மரவள்ளியே இங்குள்ள போர்த்துகீசியத் தடங்களில் பெரியது. போர்த்துகீசியர் கொண்டுவந்தாலும் வெகுகாலம் அது கொல்லைப் பயிராகவே இருந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா, தாவரவியலில் நாட்டமுள்ளவர். அரிசித் தட்டுப்பாட்டுக்கு மாற்றாகக் கப்பைச் சாகுபடியை ஊக்கினார். அதை முழு உணவாக்கியது இரண்டாம் உலகப் போர். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் திருவிதாங்கூர் நம்பியிருந்த பர்மா அரிசி நின்றது. கூடுதல் உணவு விளைவிக்கும் திட்டத்தில் காட்டு நிலம் சாகுபடிக்குத் திறக்கப்பட்டது. கோட்டயம், பாலா வட்டாரங்களிலிருந்து சிரியன் கிறிஸ்தவ உழவர்கள் இடுக்கி மலையேறினர். அங்குள்ள தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் தமிழ்நாட்டுக்கா கேரளத்துக்கா என்ற உரிமைப் பூசல் தமிழர்க்குத் தெரிந்த கதை. அக்குடியேற்றத்தின் முதல் ஆண்டுகளைத் தாங்கிய உணவு கப்பை என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. காட்டை வெட்டிய நிலத்தில் குச்சியை ஊன்றினால் போதும், ஓராண்டுக்குள் கிழங்கு. மிளகும் ஏலமும் காய்க்கும்வரை வயிறு காத்திருக்காது.

கப்பையில் சயனைடு தரும் சேர்மம் உண்டு. கசப்பு வகைகளில் அது அதிகம். பிரேசில் பழங்குடிகள் கிழங்கைத் துருவிச் சாறு பிழிந்து, வறுத்து மாவாக்குவர். போர்த்துகீசியர் குச்சியைக் கொண்டுவந்தனர், அந்தக் கைப்பக்குவம் கூட வரவில்லை. இடுக்கி உழவர் செய்வது வேறு: தோலுரித்து வில்லைகளாக அரிந்து, பெரிய செம்புக் கொப்பரையில் அரைவேக்காடு வேகவைத்து, நீரை இறுத்துப் பாறை மேல் பரப்பி உலர்த்துவர். இதற்கு வாட்டு கப்பை என்று பெயர். நெல்லைப் புழுக்கிப் பழகிய கைதான் கிழங்கையும் புழுக்கியது என்று கொள்ள இடமுண்டு. மழையற்ற மாதங்களில் ஒரு வீட்டில் கப்பை வாட்டினால் அக்கம்பக்கத்தார் கத்தியோடு வந்துவிடுவர். உரிக்க ஒரு கூட்டம், அரிய ஒரு கூட்டம், கொப்பரைக்கு இரண்டு பேர். உலர்ந்ததை மூட்டைகட்டி வைத்தால் ஆனி, ஆடி அடைமழைக்கு உதவும். இரவெல்லாம் ஊறவைத்து, மறுபடி வேகவைத்து நீரை இறுத்த பிறகே தாளிப்பு.

பச்சைக் கப்பையைத் துண்டுகளாக வேகவைத்துக் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி எனும் துவையலோடு உண்பதை செண்டன் என்கின்றனர். தேங்காய், மஞ்சள், பச்சைமிளகாய் அரைத்துப் போட்டுக் குழைத்தால் கப்பைப் புழுக்கு. குடம்புளியிட்ட சிவந்த மீன் கறி அதற்குத் துணை. இடுக்கியின் தனி உணவு எல்லும் கப்பையும். மாட்டின் நெஞ்செலும்பைச் சதையோடு வேகவைத்து, அந்தச் சாற்றோடு கப்பையைச் சேர்த்துக் கிளறுவது. பின்னாளில் ஓட்டல்கள் இதைக் கப்பை பிரியாணி ஆக்கின. அரிசி ஒரு மணிகூட இல்லாத பிரியாணி.

எல்லைக்கு இந்தப் பக்கம் அதே கிழங்கு ஆலைக்குப் போனது. சேலத்தில் 1943இல் தொடங்கிய ஜவ்வரிசித் தொழிலுக்கும் போர்க்காலத் தட்டுப்பாடே காரணம்.

மிளகாய், காடி, பூண்டு

மிளகு தேடி வந்தவர்களே மிளகைச் சமையலறையில் பின்னுக்குத் தள்ளிய மிளகாயைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பிருந்த ருசியை இன்றும் பார்க்க வேண்டுமானால் பாலக்காட்டுக் கல்பாத்தி போன்ற அக்கிரகாரங்களின் திவசச் சமையலைப் பார்க்கலாம். அங்கே மிளகாய் விலக்கு; மிளகுதான் உறைப்பு. உருளைக்கிழங்கு, தக்காளி போன்ற அயல்வரவுகளும் இலையில் விழுவதில்லை. போர்த்துகீசியர் வருகைக்கு முந்தைய உணவை ஓரளவு காட்டும் ஆவணம் இது. ஏட்டில் எழுதாமல் சடங்கில் வைத்துக் காத்தது.

மலைவீடுகளின் வேலியோரத்துக் காந்தாரியும், ஆப்பிரிக்காவின் பிரி-பிரி மிளகாயும் காப்சிகம் ஃப்ரூடெசென்ஸ் என்ற ஒரே இனம். மொசாம்பிக், அங்கோலாவில் வேரூன்றிய பிரி-பிரி பிறகு போர்த்துகலுக்கே திரும்பி, இன்று லிஸ்பனில் வாட்டிய கோழியின் மேல் தடவும் சாந்தாக இருக்கிறது.

சமையல் முறையாகவே வந்தது ஒன்றைச் சொல்லலாம்: இறைச்சியைக் காடியிலும் பூண்டிலும் ஊறவைப்பது. போர்த்துகலின் மதேய்ரா தீவுக் கிறிஸ்துமஸ் பன்றிக்கறி இவ்வகையே; மிளகாயும் மசாலாவும் சேர்ந்து கோவாவில் அது விந்தாலு ஆயிற்று. திராட்சைக் காடிக்குப் பதில் கள்ளுக் காடி புகுந்தது. கொச்சிக் கரையின் கிறிஸ்தவ வீடுகளில் விந்தாலு வேரூன்றியது. மலையில் அது கொஞ்சம் மங்கலே. இடுக்கியின் பன்றி வறுவலில் மிளகும் தேங்காய்த் துண்டும் காடியை மிஞ்சி நிற்கின்றன. பூண்டுக்கு மட்டும் குறைவில்லை; மறையூருக்கு மேலே காந்தளூர், வட்டவடை ஊர்களில் விளையும் பூண்டு புவிசார் குறியீடு பெற்றது.

முதலமடை மாம்பழம்

பாலக்காட்டின் கோவிந்தாபுரம் எல்லையருகே உள்ள முதலமடை, பருவத்தின் தொடக்கத்திலேயே மாம்பழம் அனுப்பும் ஊர். செந்தூரம், பங்கனப்பள்ளியோடு அல்போன்சாவும் இங்கே விளைகிறது. கோவாவைக் கைப்பற்றிய அபோன்சோ டி அல்புகெர்க்கின் பெயரைத் தாங்கியது அது. நாட்டு மா நம்முடையதே. ஒரு மரத்தின் ருசியை மாறாமல் நூறு மரத்துக்குக் கடத்தும் ஒட்டுக்கட்டும் முறையைக் கோவாவில் பரவலாக்கியவர்கள் போர்த்துகீசியப் பாதிரியார்கள். முதலமடையின் அல்போன்சாத் தோப்புகள் இன்றும் ஒட்டுக்கன்று நட்டே வளர்க்கப்படுகின்றன.