சவன்னாவில் பரிமாறப்பட்ட அரிசிக் கஞ்சி



யூதர் என்றவுடன் நம் மனம் எருசலேமுக்கும் கலிலேயாவுக்கும் போய்விடுகிறது. அப்போஸ்தலருடைய நடபடிகளுக்குப் பின் அந்த ஜனம் எப்படி வாழ்ந்தது என்று நாம் அதிகமாய்க் கேட்பதில்லை. ஆகையால் இந்த வாரம், அமெரிக்காவின் தென்பகுதியில் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள சவன்னா நகரத்து யூதர்களைப் பற்றி எழுதுகிறேன்.

1733-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓகில்தார்ப் என்னும் ஆங்கிலேயர் அங்கே ஒரு குடியேற்றத்தை நிறுவினார். கோடையில் விஷக்காய்ச்சல் பரவியது. குடியேற்றத்தின் ஒரே மருத்துவரும் இறந்துபோனார். அந்த ஜூலை மாதத்தில், எவரும் எதிர்பாராத ஒரு கப்பல் 40-க்கும் மேற்பட்ட யூதர்களோடு கரை சேர்ந்தது. அவர்களுள் சாமுவேல் நூனெஸ் என்னும் மருத்துவரும் இருந்தார். அவர் நோயாளிகளைக் கவனித்தார். கூலி வாங்க மறுத்தார். இலண்டனிலிருந்த நிர்வாகிகளோ யூதர் அங்கே தங்குவதை விரும்பவில்லை. மருத்துவருக்குத் தக்க சன்மானம் கொடும், நிலம் மாத்திரம் கொடாதேயும் என்பதே அவர்கள் அனுப்பிய பதிலின் சாரம். உயிரைக் காத்தவனுக்குக் காசு போதும், வீட்டுமனை கூடாது என்கிற இந்தக் கணக்கு நம் ஊர்களுக்கும் புதிதல்ல. நல்லவேளையாக ஓகில்தார்ப் அதற்குச் செவிகொடாமல் அவர்களுக்கும் மனைகளைப் பங்கிட்டார்.

நூனெஸ் குடும்பத்தார் போர்ச்சுகலிலிருந்து தப்பி, இலண்டன் வழியாக வந்தவர்கள். அங்கே அவர்கள் வெளியில் கத்தோலிக்கர், வீட்டுக்குள் யூதர். திருச்சபையின் விசாரணை மன்றம் அவர்களைச் சிறைப்பிடித்தது. தப்பிய கதையை அவர்களது வம்சத்தார் வழிவழியாகச் சொல்லிவந்தனர்: லிஸ்பன் துறைமுகத்தில் நின்ற ஆங்கிலக் கப்பலுக்கு விருந்துக்குப் போவதுபோல் போனார்களாம், பந்தி நடக்கும்போதே கப்பல் பாய்விரித்துவிட்டதாம். இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு புனைவு என்று பிரிப்பது கடினம். எனக்கு அதைவிட மறக்கமுடியாதது அவருடைய மகள் சிப்போராளைப் பற்றிய குடும்பக் கதையே. முதிர்வயதிலும், கடிகாரம் மணியடிக்கும்போதெல்லாம் அவளுடைய உதடுகள் ஓசையின்றி ஜெபத்தில் அசையுமாம். அது விசாரணைச் சிறையின் நாட்களிலிருந்து வந்த பழக்கம் என்று சந்ததியார் கருதினார்கள். அந்தச் சிறைக்கதவுகளைப் பூட்டியவர்கள் சிலுவையின் பெயரால் பூட்டினார்கள் என்பதை நாம் அமைதியாய் எண்ணிப்பார்க்க வேண்டும்.

அடுத்த ஆண்டு, 1734 மார்ச்சில், இன்னொரு அகதிக்கூட்டம் சவன்னாவை அடைந்தது. இவர்கள் கத்தோலிக்கப் பேராயரால் சால்ஸ்பர்க்கிலிருந்து துரத்தப்பட்ட லுத்தரன் விசுவாசிகள். ஜெர்மன் பேசத் தெரிந்த ஒரு யூதர் அவர்களை எதிர்கொண்டு, காலை உணவாக அரிசிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். உடன்வந்த போதகர் போல்ட்சியுஸ் யூதர்கள் காட்டிய அன்பைத் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். எபிரெயருக்கு எழுதின நிருபம் அந்நியரை உபசரிக்கச் சொல்லுகிறது. இங்கே எபிரெயரே கிறிஸ்தவர்களை உபசரித்தார்கள்.

இந்தப் போல்ட்சியுஸ் நமக்கு அந்நியர் அல்லர். அவர் ஹாலே நகரத்து அனாதை இல்லத்துப் பள்ளியில் பணியாற்றியவர். சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்ததும் அதே ஹாலேயின் பக்திமரபிலிருந்துதான். தரங்கம்பாடியிலிருந்து போன அறிக்கைகளும், ஜார்ஜியாவிலிருந்து போன அறிக்கைகளும் ஹாலேயில் அச்சேறின. ஆகவே அந்தக் கஞ்சியைப் பெற்றுக்கொண்டவர்கள் ஒருவகையில் நம் வீட்டார். போல்ட்சியுஸ் யூதர்களை மதம் மாற்றவும் வாஞ்சித்தார். அவர்கள் மாறவில்லை, நட்பை விலக்கவுமில்லை.

சவன்னாவில் குருவாயிருந்த ஜான் வெஸ்லி, 1737-இல் தம் யூத அயலாரோடு உரையாடுவதற்காகவே ஸ்பானிய மொழியைக் கற்கத் தொடங்கினார். தம்மைக் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொண்ட பலரைவிட அவர்களில் சிலர் கிறிஸ்துவின் சிந்தைக்கு நெருங்கியவர்களாய் அவருக்குத் தோன்றினார்கள். பேச முதலில் நாம் அவர்கள் மொழிக்குப் போகவேண்டும் என்று அந்த இளம் குருவுக்குத் தோன்றியதே!

ஆனால் பயம் அவ்வளவு எளிதில் விடுவதில்லை. 1740 வாக்கில் ஃபுளோரிடாவிலிருந்து ஸ்பானியர் படையெடுப்பார்கள் என்ற அச்சம் எழுந்தது. ஸ்பானியர் வந்தால் விசாரணை மன்றமும் வரும். ஞானஸ்நானம் பெற்றுப் பின்பு யூதராய் வாழ்ந்தவர்களுக்கு அது தீயிட்டுக் கொளுத்துகிற தண்டனை. ஐபீரிய யூதர்கள் சவன்னாவை விட்டு வடக்கேயும் தெற்கேயும் சிதறிப்போனார்கள். ஜெர்மன் வழிவந்த மினிஸ், ஷெஃப்டால் குடும்பங்கள் மாத்திரம் எஞ்சின. இவ்விரு குடும்பங்களும் பிற்காலத்தில் தங்கள் கிறிஸ்தவ அயலாரைப் போலவே கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தன. எகிப்தை ஆண்டுதோறும் நினைவுகூர்ந்த வீடுகளில் இது நடந்தது. அதையும் சொல்லாமல் விடலாகாது.

பெஞ்சமின் ஷெஃப்டால் தம் சமூகத்தின் பிறப்பு, இறப்பு, வருகை, புறப்பாடு ஆகியவற்றைக் குறித்துவைத்தார். அவருடைய மகன் லேவி அந்தப் பதிவைத் தொடர்ந்தார். கப்பலில் வந்தவர்களின் பெயர்களை நாம் அறிவது பெரும்பாலும் அதனால்தான். 1733-இல் அவர்கள் கொண்டுவந்த தோரா சுருள் மிக்வே இஸ்ரவேல் சபையில் இன்றும் இருக்கிறது.