கல்யாணக் கணக்கும் சொத்துறவும்: யாழ்ப்பாணச் சீதன வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

யாழ்ப்பாணக் குடும்பமொன்று பெண்ணின் கல்யாணச் செலவைத் திட்டமிடும்பொழுது பந்தல், மேளம், விருந்து ஆகியன கணக்கின் சிறு பகுதியே. கணக்கைத் தீர்மானிப்பது சீதனமாகும். சிக்கனமாக மணஞ்செய்யுமாறு கூறும் அறிவுரைகள் பெரும்பயன் விளைக்காமைக்கான காரணத்தை இங்கேயே தேடுதல் வேண்டும்.

ஒல்லாந்தர் ஆட்சியில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் தொகுத்தளித்த தேசவழமை இதற்கு முதன்மைச் சான்றாகும். பழைய வழக்கின்படி தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கும் தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் உரியன. போர்த்துக்கேயர் காலந்தொட்டு இப்பாகுபாடு நெகிழ்ந்தமையை அத்தொகுப்பே கூறுகின்றது. சீதனம் பெற்ற பெண்ணுக்குப் பெற்றோரின் எஞ்சிய சொத்தில் உரிமையில்லை. எனவே அன்றைய சீதனம் மாப்பிள்ளைக்குரிய விலையன்று. முற்கூட்டிப் பிரித்துக் கொடுக்கப்பட்ட மகளின் பங்காகும். மணமாகாத ஆண்மக்களின் உழைப்பு, அவர்கள் அணியும் பொன் வெள்ளி நகைகள் நீங்கலாக, குடும்பப் பொதுச்சொத்திற் சேர்தல் வேண்டுமென்பதும் அதன் விதி. சகோதரியின் கல்யாணத்தைத் தமையன் சுமந்தமைக்குப் பாசம் மட்டுமன்றிச் சட்டமும் அடித்தளமாயிருந்தது. அடிமைகள் பற்றிய விதிகளையும் கொண்ட இத்தொகுப்பு சொத்துடையோரின் வழமை என்பதை மறத்தலாகாது. காணியற்றோர் அதே வழமையைப் பின்பற்ற நேர்ந்தபோது அது கடனாகவே அமைந்தது.

ஆங்கிலக் கல்வியும் அரசாங்க உத்தியோகமும், பின்னர் மலாயாவிற் கிடைத்த எழுதுவினைஞர் வேலைகளும் மாதச் சம்பளம் பெறும் வர்க்கமொன்றை உருவாக்கின. மாப்பிள்ளையின் உத்தியோகம் பேரப்பொருளாயிற்று. காணியோடு காசும் கேட்கப்பட்டது. மாப்பிள்ளை வீட்டாருக்கு ரொக்கமாகக் கொடுக்கப்படும் ‘டொனேசன்’ இம்மாற்றத்தின் தெளிவான வெளிப்பாடாகும். சீதனம் பெண்ணின் பெயரில் எழுதப்படுவது. டொனேசனோ அவள் கையிற் படாமலே கைமாறுவது. பலவிடங்களில் அது மாப்பிள்ளையின் சகோதரிகளைக் கரையேற்றப் பயன்படுகின்றது. ஒரு வீட்டின் செலவு மறுவீட்டின் வரவாகி, மீண்டும் செலவாகின்றது. 1983 இன் பின்னர் புலம்பெயர்ந்த தமையன்மார் அனுப்பிய பணமும் இச்சங்கிலியிற் கோக்கப்பட்டது. 1707 இன் விதி வேறு நாணயத்தில் தொடர்ந்தது எனலாம்.

பெண்ணின் பெயரில் எழுதப்பட்ட சொத்தேனும் முழுமையாக அவளுடையதா? 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைச் சட்டம் அதனை அவளுடையதென ஏற்றபோதும், அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தை வேண்டிற்று.

விருந்திற் கறிகளைக் குறைப்பதனால் இக்கணக்கு மாறாது. பெண்ணின் பங்கு மணத்தோடு பிணைக்கப்படாது, பிள்ளை என்ற முறையில் அவளுக்குரியதாகி, அதனை ஆளும் உரிமையும் அவளிடம் சேரும்போதே அது மாறும்.