உயிலில் கிளம்பிய டாலர்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மேயராக இருந்த பிரையன் முல்லன்ஃபி 1851இல் இறந்தார். மேற்கே குடியேறப் போகிறவர்கள் வழியில் கையில் காசில்லாமல் தவித்தால் உதவ வேண்டும் என்று சொத்தில் மூன்றில் ஒரு பங்கை எழுதிவைத்திருந்தார். நல்ல மனசுதான். ஆனால் காலப்போக்கில் அந்தப் பயணிகள் அருகிப்போனார்கள். பணம் மட்டும் ஆள் தேடிக்கொண்டிருந்தது.

இப்படி முடங்கிய அறக்கொடைகளைப் பார்த்துக் கவலைப்பட்டவர் கிளீவ்லேண்ட் டிரஸ்ட் வங்கியின் தலைவர் ஃபிரெடெரிக் காஃப். 1914 ஜனவரி 2 அன்று கிளீவ்லேண்ட் அறக்கட்டளையைத் தொடங்கினார். ஊர்ப் பொதுவுக்கென்று அமைந்த இவ்வகை அறக்கட்டளைகளில் உலகிலேயே முதலாவது அது. ஊர்க்காரர் எவரும் தம்மால் முடிந்ததை அதில் சேர்க்கலாம். மூலதனத்தை வங்கி காக்கும்; வருமானத்தை எங்கே செலவிடுவது என்பதை ஒரு குழு சொல்லும். நம் கோயில் கல்வெட்டுகளில் வரும் சாவா மூவாப் பேராடுகளும் இதே கணக்குதான்: மந்தை குறையாது, நெய் விளக்குக்குப் போகும். காஃப் கூடுதலாகச் செய்தது ஒன்றுண்டு. விளக்குக்குத் தேவை தீர்ந்துவிட்டால் நெய்யை வேறு வேலைக்குத் திருப்பும் அதிகாரத்தையும் குழுவிடம் கொடுத்துவிட்டார். அவருடைய உண்மையான கெட்டிக்காரத்தனம் இதுதான் என்பேன்.

ஆனால் டாலர் உடனே புறப்படவில்லை. உயில் எழுதியவர்கள் எல்லாம் உயிரோடு இருந்தார்களே! பணம் சேரச் சேர, பல பேருடைய டாலர்கள் ஒரே பெட்டியில் கலந்தன. காஃப் 1923இல் இறந்துபோனார்.

அந்த வருமானம் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று கிளீவ்லேண்டின் யூக்ளிட் அவென்யூ. 1921, 1922இல் அந்தப் பகுதியில் ஓஹையோ, ஸ்டேட், ஆலன், ஹானா, பேலஸ் என்று ஐந்து அரங்குகள் வரிசையாகத் திறந்தன. புறநகருக்குக் குடிபோன ரசிகர்களையும் தொலைக்காட்சியையும் தாக்குப்பிடிக்க முடியாமல், 1960களின் கடைசியில் ஹானா தவிர மற்றவை மூடப்பட்டன. 1970இல் ரே ஷெப்பர்ட்சன் என்ற பள்ளித்துறை ஊழியர் ஆசிரியர் கூட்டத்துக்கு இடம் தேடி உள்ளே போனார். ஸ்டேட் அரங்கின் நடைக்கூடமே சுமார் 320 அடி நீளம். சுவரில் ஜேம்ஸ் டாகர்ட்டியின் ஓவியங்கள். 1972இல் இடிக்கும் திட்டம் வந்தபோது ஜூனியர் லீக் என்ற தொண்டமைப்பின் பெண்கள் 25,000 டாலர் கொடுத்து முட்டுக்கொடுத்தார்கள். அரசுப் பணமும் தனியார் பணமும் பின்னால் வந்தன. அறக்கட்டளையும் மானியம் கொடுத்தது. அதோடு நிற்காமல், 1980களில் ஆலன் அரங்கை ஒட்டிய பல்க்லி கட்டடத்தையே வாங்கியது. கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் வழக்கமுள்ள நிறுவனத்துக்கு இது துணிச்சல்தான். 1982இல் ஓஹையோ, 1984இல் ஸ்டேட், 1988இல் பேலஸ், 1998இல் ஆலன் என்று கதவுகள் மறுபடி திறந்தன.

ஓஹையோ அரங்குக்குக் குடிவந்தது கிரேட் லேக்ஸ் நாடகக் குழு. (டாம் ஹாங்ஸ் இளவயதில் தொழில் பழகிய குழு, அப்போது அது லேக்வுட்டில் இருந்தது.) இக்குழுவின் நடிகர்கள் இருவர் இருவராகப் பள்ளிக்குப் போய், ஒரு வாரம் வகுப்பில் தங்கி, மாணவர்களையே ஷேக்ஸ்பியர் பாத்திரங்களாக நடிக்க வைக்கிறார்கள். உயில் எழுதியவர் ஷேக்ஸ்பியரை நினைத்துப் பார்த்தாரோ என்னவோ.

மூலதனம் இன்னும் அப்படியே இருக்கிறது. அடுத்த ஆண்டு வருமானத்துக்குப் புது விண்ணப்பங்கள் வரும். ஒழுகும் கூரைக்கா, கோடைக்காலப் பயிற்சிக்கா என்று குழு உட்கார்ந்து பேசும்.